வன்னிக் குளத்துக்கு எந்த ஃப்ளை? ரொறன்ரோத் தம்பிக்கு ஒரு பதில்

ஃப்ளை என்பது கொழுக்கியில் நூல், மயிர், சிறகு சுற்றிக் கட்டும் பொய் இரை. தடிக்குச் சொல்லும் 'வெயிட்' அது எறியும் லைனின் பார அளவு. இவற்றைப் பற்றி ரொறன்ரோவில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஓகஸ்ட்டில் இரண்டு கிழமை கிளிநொச்சியில் அம்மம்மா வீட்டில் நிற்பேன். ஒன்ராறியோ ஆறுகளில் டிரவுட்டுக்கு ஃப்ளை போட்டுப் பழக்கம். 5 வெயிட் தடியும் ஒரு பெட்டி டிரை ஃப்ளையும் கொண்டு வந்தால் இரணைமடுக் குளத்தில் ஏதாவது பிடிபடுமா? எந்த ஃப்ளை எடுத்து வர வேண்டும்?"

பிடிபடும், தம்பி. ஆனால் மேலே மிதக்கும் டிரை ஃப்ளை நிறைந்த டிரவுட் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு, உங்கள் ஊர் ஏரிகளில் பாஸ் மீனுக்குப் போடும் பெட்டியைக் கொண்டு வாருங்கள். டிரவுட் ஆற்றில் தண்ணீர் ஓடும், மீன் ஓரிடத்தில் நிற்கும், பூச்சி அதன் வாய்க்கு மிதந்து வரும். அதனால் மிதந்து வரும் பூச்சியைப் பார்த்து, அதே அளவில் அதே நிறத்தில் ஃப்ளை தெரிவு செய்கிறீர்கள். குளத்தில் தண்ணீர் நிற்கிறது, மீன்தான் திரிகிறது. எந்த மீன், இந்த மாதத்தில் குளத்தின் எந்தப் பக்கத்தில் நிற்கும் என்று முதலில் தெரிய வேண்டும். அது தெரிந்தால் நாலு வகை ஃப்ளை போதும்.

நோர்வேயில் இருந்து வந்த என் மச்சான் விட்டுப்போன 8 வெயிட் தடியில்தான் நான் பழகினேன். சொல்லித்தர இங்கே ஆள் இருக்கவில்லை. அக்கராயன், முத்தையன்கட்டு, வவுனிக்குளம், இரணைமடு என்று காலையிலும் பின்னேரத்திலும் நின்று படித்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் விரால். ஃப்ளை தடியோடு வன்னிக்கு வருகிறவர் விராலைத் தேடித்தான் வர வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அது ஒளித்திருந்து அடிக்கும் மீன். தாமரை இலைக்குக் கீழே, கோரைப் பற்றைக்குள், பட்ட மரத்தின் அடியில் அசையாமல் கிடக்கும். தவளை, சின்ன மீன், தும்பி எது மேலே போனாலும் பாயும். இதைவிட முக்கியமான ஒன்று: விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். ஆகவே எவ்வளவு பெரிய விராலும் தான் இருக்கும் இடத்தை அடிக்கடி காட்டித்தான் ஆகும். காற்று இல்லாத விடியலில் குளக்கட்டில் பேசாமல் பத்து நிமிடம் நின்று பாருங்கள். 'களுக்' என்று ஒரு சத்தம், ஒரு வட்டம், சிலவேளை ஒரு கறுத்த தலை. வட்டத்தின் நடுவில் எறியாதீர்கள். தலை எந்தப் பக்கம் திரும்பியிருந்ததோ அந்தப் பக்கமாக ஒன்றிரண்டு மீற்றர் தள்ளி எறியுங்கள். ஆறு ஏழு தடவைக்கு ஒரு தடவையாவது அந்த எறி பலிக்கும்.

விராலுக்கு என்ன ஃப்ளை? மேலே மிதந்து சத்தம் போடுவது. பொப்பர் என்று நீங்கள் சொல்வது நல்லது. மான் மயிரில் கட்டும் தவளையும் நல்லதுதான், ஆனால் நாலு பாய்ச்சலில் தண்ணீர் குடித்து அமிழத் தொடங்கும். நான் கட்டுவது கேர்க்ளர் வகை. புத்தகக் கடையில் பிள்ளைகளின் கைவேலைக்கு விற்கும் போம் தாளில் ஒரு விரல் அகலத் துண்டு, 1/0 அல்லது 2/0 அளவில் வாய் அகன்ற கொழுக்கி, வாலுக்கு இரண்டு அங்குல ஆட்டு மயிர், உடம்புக்குச் சேவல் கழுத்துச் சிறகு ஒன்றைச் சுற்றிவிட வேண்டும். போமை முதுகின் மேலால் முன்னுக்கு மடித்துக் கட்டி, கொழுக்கிக் கண்ணுக்கு முன்னால் ஒரு உதடு போல நீட்டி விடுங்கள். இழுக்கும்போது அந்த உதடுதான் தண்ணீரைக் கொப்பளிக்கும். கட்டுக்கு மேல் நகப்பூச்சு இரண்டு பூச்சுப் பூசினால் அவிழாது. போம் தாள் கிடைக்காவிட்டால் பழைய இறப்பர்ச் செருப்பின் அடியைச் சவர அலகால் சீவி எடுத்தாலும் மிதக்கும்.

கொழுக்கி முனைக்கு முன்னால் 30 இறாத்தல் தாங்கும் தங்கூசி நூலில் ஒரு வளையம் கட்டாயம் வேண்டும். இலை தண்டில் சிக்காமல் அதுதான் காப்பாற்றும். அது இல்லாத ஃப்ளையோடு தாமரைக் குளத்துக்குப் போனால் பின்னேரம் முழுக்கத் தாமரைதான் பிடிப்பீர்கள்.

நிறத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நான் கறுப்பைத்தான் நம்புகிறேன். கீழே கிடக்கும் மீன் மேலே வானத்தைப் பார்க்கிறது. விடியல் வெளிச்சத்துக்கு எதிரே கறுப்பு உருவம்தான் தெளிவாகத் தெரியும். மழைக்குப் பிறகு குளம் தேநீர் நிறத்தில் கலங்கியிருக்கும்போதும் கறுப்புத்தான். முதுகில் மட்டும் ஒரு மஞ்சள் துண்டு ஒட்டிவிடுங்கள். அது உங்கள் கண்ணுக்கு, மீனுக்கு அல்ல.

எறியும் முறை இன்னும் முக்கியம். இலைகளுக்கு நடுவே ஒரு வெளித் தண்ணீர் இருந்தால் நேராக அதற்குள் போடாமல், அதற்கு அப்பால் உள்ள இலையின் மேல் ஃப்ளையை வையுங்கள். ஒரு மூச்சு பொறுத்து, இலையில் இருந்து தண்ணீருக்குள் மெதுவாக வழுக்கி விழ விடுங்கள். தவளை அப்படித்தான் இறங்கும். பிறகு தடியின் நுனியைத் தண்ணீருக்குத் தாழ்த்தி, லைனை வலக்கைச் சுட்டுவிரலுக்குள் பிடித்து, இடக்கையால் ஒரு சாண் இழுப்பு, நிறுத்தம். இரண்டு இழுப்பு, நிறுத்தம். நிறுத்தியிருக்கும்போதுதான் பெரும்பாலும் அடிக்கும்.

அடித்தவுடன் டிரவுட்காரர் எல்லோரும் விடும் பிழை தடியை மேலே தூக்குவது. தூக்கினால் தடி வளையும், பலம் கொழுக்கிக்குப் போகாது, ஃப்ளை மீனின் வாயால் நழுவி முகத்துக்கு வரும். விராலின் வாய் எலும்பு. அது ஃப்ளையோடு கீழே திரும்பும் வரை ஒரு கணம் பொறுங்கள். தடியைத் தண்ணீரை நோக்கி நீட்டியபடி, இடக்கையால் லைனை நேராக, பலமாக இழுங்கள். கொழுக்கி இறங்கியது கையில் தெரிந்த பிறகுதான் தடியைப் பக்கவாட்டில் வளைக்க வேண்டும். ரீலைச் சுழற்ற நேரமில்லை. வேருக்குள் நுழைய முதல் இலைகளுக்கு மேலால் இழுத்து வெளியே எடுத்துவிட வேண்டும். என் முதல் வருடத்தில் நல்ல விரால்கள் எல்லாம் லைனின் நுனியில் கட்டும் மெல்லிய லீடர் நூலால்தான் போனது. இப்போது ஏழு அடி லீடர், நுனி 30 இறாத்தல், சில குளங்களில் 40. ஒன்பது அடியில் படிப்படியாக மெலியும் லீடர் இந்த வேலைக்குத் தேவையில்லை. விராலின் கண்ணுக்கு நூல் பெரிய விஷயம் அல்ல, பல்லுக்குத்தான் அது விஷயம்.

இதனால்தான் 5 வெயிட் போதாது என்கிறேன். ஃப்ளை தூண்டிலில் எறிபடுவது ஃப்ளை அல்ல, லைன். ஃப்ளைக்கு எடை கிடையாது, தடித்த லைனின் எடைதான் தடியை வளைத்து ஃப்ளையைக் கொண்டுபோகிறது. 5 வெயிட் லைனின் முன் 30 அடி 140 கிறெயின், அதாவது சுமார் 9 கிராம். 8 வெயிட்டில் அதே 30 அடி 210 கிறெயின், 13.6 கிராம் வரும். ஒரு சின்ன மஞ்சாடி அளவு நிம்பை (தண்ணீருக்குள் அமிழும் பூச்சிக் குஞ்சு போன்ற ஃப்ளை) 9 கிராம் தூக்கும். காற்றைப் பிடிக்கும் போம் தவளையைத் தூக்காது. 8 வெயிட் தடி ஒன்று, 9 அடி, மிதக்கும் லைன். லைன் வாங்கும்போது வெப்ப நாடுகளுக்குச் செய்தது என்று பார்த்து வாங்குங்கள். குளிர் தண்ணீருக்குச் செய்த லைன் எங்கள் வெயிலில் இளகி, தடியின் வளையங்களில் ஒட்டும். எவ்வளவு நன்றாக எறியத் தெரிந்தாலும் அது ஓடாது.

சரி, 5 வெயிட்டையும் கொண்டு வாருங்கள், திலாப்பியாவுக்கு. மொசாம்பிக் திலாப்பியா 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று குளத்துச் சந்தையில் கூடுதலாகக் காண்பது திலாப்பியா இனங்களைத்தான். அது பாசியும் சேற்றில் கிடக்கும் சத்தும் தின்னும் மீன், பாய்ந்து வேட்டையாடுவதில்லை. ஆனால் சின்ன நிம்ப் மெதுவாகக் கீழே இறங்கினால் வாய்க்குள் எடுத்துப் பார்க்கும். உங்கள் பெட்டியில் உள்ள ஹேர்ஸ் இயர், பெசன்ட் டெயில் நிம்ப்கள் 12, 14 அளவில் சரியாக வேலை செய்யும். பாசிப் பச்சைக் கம்பளி நூலைக் கொழுக்கியில் சுற்றி ஊசியால் கிளறிவிட்டாலும் போதும், எனக்கு அதில்தான் கூடுதலாகப் பிடிபட்டிருக்கிறது. லீடரில் மூன்றடி மேலே பயறளவு போம் துண்டு ஒன்றை மிதப்பாகக் கட்டுங்கள். அது அமிழும் என்று காத்திருந்தால் பிந்திவிடும். கொஞ்சம் நகர்ந்தாலே தடியை மெதுவாகத் தூக்குங்கள். இங்கே உங்கள் டிரவுட் கை சரி.

தண்ணீர் வற்றும் மாதங்களில் அலைகரையில், முழங்கால் அளவு ஆழத்தில், சட்டியைப் பதித்து எடுத்தது போல வட்டக் குழிகள் தெரியும். அவை ஆண் திலாப்பியா தோண்டியவை. பெண் மீன் முட்டையை வாய்க்குள் எடுத்துக்கொண்டு போய்விடும், ஆண் குழியைக் காக்கும். குழிக்கு நடுவில் ஃப்ளை விழுந்தால் பசிக்காக அல்லாமல் கோபத்தில் கவ்வும். திலாப்பியா குறையாமல் பெருகும் மீன் என்பதால் இதில் நான் தவறு காண்பதில்லை, கறிக்கு இரண்டை எடுக்கலாம்.

விராலில் அப்படிச் செய்யக்கூடாது. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மாரியில், சிலவேளை மற்ற மாதங்களிலும், தண்ணீரின் மேல் ஒரு பாய் அளவுக்குச் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் பொரிந்துகொண்டு நகரும். மழைத்துளி விழுவது போல இருக்கும். அதற்குக் கீழே தாயும் தகப்பனும் நிற்கும். அந்தக் கூட்டத்துக்குள் எதைப் போட்டாலும், வெறும் குச்சியைப் போட்டாலும், அடிக்கும். பிடிப்பதற்கு எந்தத் திறமையும் தேவையில்லை. பெரியது போனால் கெளுத்தியும் உழுவையும் நீர்க்காகமும் ஒரு பகலுக்குள் கூட்டத்தை முடித்துவிடும். இணையத்தில் குஞ்சுக் கூட்டத்தின் மேல் எறிந்து பெரிய விரால் தூக்கும் படங்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். செம்மஞ்சள் கூட்டம் கண்டால் லைனைச் சுற்றிக்கொண்டு அடுத்த மரத்தடிக்குப் போங்கள்.

மற்ற மீன்களைப் பற்றி நிறையச் சொல்ல இல்லை. கட்லா, ரோகு குஞ்சுகளை மீனவரின் பிழைப்புக்காகக் குளங்களில் விடுகிறார்கள். கட்லா தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்துத் தின்னும், ஃப்ளையைத் தேடி வராது. குறவை விராலின் தம்பி, அதே ஃப்ளையைச் சின்னதாகக் கட்டினால் எடுக்கும். பனையேறிக் கெண்டை 10ஆம் அளவு கறுப்பு வூலி பகர் என்ற அமிழும் ஃப்ளைக்கு நன்றாக வரும், ஆனால் செவுள் மூடியின் முள்ளைக் கவனித்துப் பிடியுங்கள். கெளுத்தியின் முள்ளோ கொட்டினால் கை இரவு முழுக்க உளையும். உழுவை அடியில் கிடக்கும். அதற்கும், குளம் நிரம்பி வான் பாயும் காலத்தில் கலிங்குக்குக் கீழே சின்ன மீன்களைத் துரத்தி நிற்கும் எல்லாவற்றுக்கும், கிளவுசர் மினோதான். அமெரிக்காவில் பொப் கிளவுசர் என்பவர் 1987இல் சசுகுவெஹானா ஆற்றின் ஸ்மோல்மௌத் பாஸுக்காகக் கட்டிய ஃப்ளை அது. ஈயக் கண் பாரத்தால் கொழுக்கி முனை மேலே பார்த்து நீந்தும், கல்லில் சிக்காது. வெள்ளையும் பச்சையுமாக நாலு கொண்டு வாருங்கள்.

டிரை ஃப்ளைக்கு வன்னியில் இடமே இல்லையா என்று கேட்பீர்கள். ஒரே ஒரு இடம் உண்டு, அதற்கு நீங்கள் ஒக்ரோபரில் வர வேண்டும். கோடை முழுக்கக் காய்ந்த தரையில் முதல் பெருமழை விழுந்த அடுத்த பின்னேரம் ஈசல் கிளம்பும். புற்றுகளில் இருந்து புகை போல எழும்பி, சிறகு உதிர்ந்து குளத்தின் மேல் விழும். அந்த அரைமணி நேரம் குளம் முழுக்க வட்டம் வட்டமாகக் கொதிக்கும். திலாப்பியா, கெண்டை, குறவை, வேறு நாளில் மேலே தலை காட்டாத மீன்கள்கூட மேலே வரும். உங்கள் ஆற்றில் பூச்சி பொரிக்கும்போது நடப்பதற்கு ஈடாக வன்னியில் நான் கண்டது இது ஒன்றுதான். 12ஆம் அளவுக் கொழுக்கியில் மண்ணிற நூல் உடம்பு, மேலே மெல்லிய போம், பக்கத்துக்கு ஒன்றாகச் சேவல் சிறகு நுனி. இழுக்க வேண்டாம். விழுந்த ஈசல் சும்மா கிடந்து துடிப்பது போல ஃப்ளையும் சும்மா கிடக்கட்டும்.

சேவல் சிறகைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. சுமார் 1,800 வருடங்களுக்கு முன் ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மசிடோனியாவில் மீன் பிடிப்போர் தூண்டில் முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே முளைக்கும் இரண்டு சிறகைக் கட்டினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். அம்மம்மா வீட்டு முற்றத்தில் நிற்கும் ஊர்ச் சேவலின் கழுத்துச் சிறகு அந்த வேலைக்கு இன்றும் நல்ல சிறகு.

இனி ஓகஸ்ட். அது சோளகக் காலம், தென்மேல் காற்று வீசும். இரணைமடுக் கட்டு குளத்தின் வடக்கில் இருக்கிறது. கனகராயன் ஆறு தெற்கே இருந்து வந்து சேர்கிறது. கட்டில் நின்று குளத்தைப் பார்த்தால் சோளகம் பெரும்பாலும் உங்கள் வலது முன்பக்கத்தால் வரும். வலக்கைக்காரருக்கு அது மிக மோசமான திசை, லைனை உங்கள் உடம்பின் மேலேயே தள்ளும். இப்படித்தான் ஒருநாள் என் காது மடலில் 1/0 கொழுக்கி ஏறியது. அதற்குப் பிறகு கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல் நான் எறிவதில்லை, கொழுக்கியின் எதிர்முள்ளையும் குறடால் நசுக்கிவிடுகிறேன். அப்படிக் காற்று வந்தால் தடியை இடது தோளுக்கு மேலால் சாய்த்து எறியுங்கள், லைன் காற்றின் மறுபக்கத்தால் போகும். முன் எறியைத் தாழ்த்தி, கடைசியில் தடியைச் சட்டென்று நிறுத்துங்கள். தடி கடிகார முள் கணக்கில் 10 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் மட்டும் போய்வரட்டும். பின்னால் லைன் முழுதாக விரிய விடாமல் அவசரப்படுவதுதான் எல்லாச் சிக்கலுக்கும் தாய். கட்டில் சைக்கிளும் மாடும் ஆட்களும் போவார்கள். ஒவ்வொரு எறிக்கும் முன் திரும்பிப் பாருங்கள். பின்னால் மருதமரம் நின்றால், லைனைப் பின்னால் வீசாமல் முன்னால் உருட்டி எறியும் ரோல் காஸ்ட்தான் வழி.

இன்னொன்று, தண்ணீருக்குள் இறங்கவே இறங்காதீர்கள். கனடாவில் இடுப்பளவு தண்ணீரில் நிற்பது உங்கள் பழக்கம். இங்கே குளங்களில் முதலை இருக்கிறது. வற்றும் மாதங்களில் தண்ணீர் ஒடுங்க, அதுவும் மீன் நிற்கும் பள்ளத்துக்கே வந்துவிடும். கரைப் புல்லில் புடையன் பாம்பு கிடக்கும், சப்பாத்து போடுங்கள். பொழுது சாய்ந்தால் யானை தண்ணீருக்கு வரும் கரைகளில் நிற்க வேண்டாம். சிவப்பில் மண்டையோடு போட்ட பலகை கண்டால் அந்தப் பக்கமே போகக்கூடாது. மிதிவெடி அகற்றும் வேலை வன்னியில் இன்னும் எல்லா இடமும் முடியவில்லை. ஆட்கள் நடந்த பாதையை விட்டு விலகாதீர்கள்.

அனுமதியும் கேட்க வேண்டும். பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குக் கீழே, சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்குக் கீழே வரும். ஆனால் கரையில் உண்மையாகக் கேட்க வேண்டியது நன்னீர் மீன்பிடிச் சங்கத்து ஆட்களை. குளம் அவர்களுடைய சோறு. காலையில் வலை எடுத்துக்கொண்டு வள்ளத்தில் வரும் அண்ணையிடம் போய், யார் வீட்டுப் பிள்ளை, எதற்கு வந்தீர்கள் என்று சொல்லிக் கேளுங்கள். விரால் எங்கே மூச்சு விடுகிறது என்பதையும் அவரே காட்டுவார். கட்டுக்கரைக் குளம் சரணாலயம், சுண்டிக்குளம் தேசிய பூங்கா. அங்கே தடியை எடுக்க வேண்டாம்.

ஓகஸ்ட்டில் இரணைமடுவின் 36 அடி தண்ணீர் சிறுபோகத்துக்குப் பாய்ந்து வெகுவாக இறங்கியிருக்கும். அலைகரை சேறு, கால் புதையும், அந்தப் பக்கம் வேண்டாம். காற்று எழும்ப முதல், விடிய 5.45க்குத் துருசு (மதகு) பக்கம் குளக்கட்டில் நில்லுங்கள். எட்டு மணி வரை 8 வெயிட்டும் கறுப்புக் கேர்க்ளரும். பகலில் காற்றோடு மல்லுக்கட்டாமல், மரம் மறைக்கும் சின்னக் குளம் ஒன்றில் 5 வெயிட்டும் பச்சை நிம்பும். விமானப் பெட்டியில் இடம் இருந்தால் 1/0, 2/0 கொழுக்கிகள் ஐம்பது கூடுதலாகக் கொண்டு வாருங்கள். அந்த அளவில் நல்ல கொழுக்கி இங்கே தேடி எடுப்பது கஷ்டம், ஃப்ளை கட்டப் பழகும் பெடியங்கள் இரண்டு மூன்று பேர் இப்போது என்னோடு வருகிறார்கள்.